கேள்வி கேட்க வந்தவர்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பேச்சு எந்த இடத்தில் முறிந்ததோ, வீடு இன்னும் அந்த இடத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தது. குளிர்பதனக் கிடங்கை விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னதும், நான் உயிரோடு இருக்கிறவரை அது நடக்காது என்று அக்கா சொன்னதும், இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் அப்பா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டதும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் யாரும் யாரோடும் பேசவில்லை.

அக்கா என்றால் தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை. கிடங்கில் பெட்டி இறக்குகிறவர்களிலிருந்து லாரி ஓட்டுகிறவர்கள் வரைக்கும், அவளைவிட மூத்தவர்கள்கூட, அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா இறந்தபோது தம்பி பால்பல் விழாத பிள்ளை. அவனை வளர்த்து ஆளாக்கியது அவள். அப்பாவுக்கு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு கிடங்கைக் கட்டி மேய்ப்பதும் அவள்தான். நடுவில் கல்யாணம் என்ற ஒன்று வாசல் வரைக்கும் இரண்டு மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டது.

அப்பா வாரத்தில் ஒரு நாள் மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு கிடங்கைச் சுற்றி வருவார். கொஞ்ச நாளாக அதுவும் நின்றுவிட்டது.

அன்று காலை தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டபடியே சாப்பாட்டு மேஜைப் பக்கம் வந்தான்.

"இன்னிக்கு மேனேஜர் வேலைக்கு ஒருத்தர் வர்றார் இல்ல?"

"வர்றார்."

"எடுத்துடு அக்கா. சல்லடை போட்டு சலிச்சுக்கிட்டு இருக்காதே. வாங்கறவங்க அடுத்த வாரம் பார்க்க வர்றாங்க. மேனேஜர் இல்லாத கிடங்குன்னா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க."

"விக்கறதுக்கு நான் ஆள் எடுக்கல. நடத்தறதுக்கு எடுக்கறேன்."

"எதுக்கோ எடு. நாற்காலியில ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா போதும்." கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன் நின்று திரும்பினான். "அஞ்சாம் ரூம் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போகாதே. ஐஸ் உடைக்கற வேலை நடக்குது. பார்க்க நல்லா இருக்காது."

அவன் போன பிறகு, பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

"யாரும்மா வர்றது?"

"புது ஆள்ப்பா. துறைமுகத்துல மீன் ஏத்துமதிக் கிடங்கு ஒண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தவராம்."

"பழைய ஆளுக்குத் தெரிஞ்சவனா?"

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அவர் திருப்பின வேகத்தில் அது ஓரத்தில் கிழிந்தது. இப்படி ஒரு கேள்வியை அப்பா ஏன் கேட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் அக்கா கிடங்குக்குக் கிளம்பினாள்.

பழைய ஆள் என்றால் மேனேஜர் சார். இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். மோட்டார் சத்தத்தில் ஒரு சுதி இறங்கினாலும் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடுகிறவர். போன மாதம், கண் ஆபரேஷன் செய்துகொண்ட சித்திக்குத் துணையாக அக்கா வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி காலி. வெளிநாட்டில் இருக்கிற மகள் அவசரமாகக் கூப்பிட்டாள், கிளம்பிவிட்டார் என்று தம்பி சொன்னான். ஃபோன் போட்டால் கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று அக்காவுக்கு வருத்தம். அந்த வருத்தமே, வேறு எதையும் யோசிக்கவிடாமல் அவள் கண்ணை மறைத்திருந்தது.

வந்தவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். துவைத்துத் துவைத்து நிறம் மங்கின சட்டை, ஆனால் மடிப்புக் கலையாத இஸ்திரி. காலில், ஈரத்தரையில் வழுக்காத தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ். கையில் ஃபைல் கிடையாது.

அக்காவின் அறை மாடியில், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் கீழே லாரிகள் வந்து முதுகைக் காட்டி நிற்கிற மேடை தெரியும். மேஜைக்கு எதிரில் போட்டிருந்த நாற்காலியை வந்தவர் சற்றுப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது அவருக்கு அக்காவும் தெரிந்தாள், கீழே மேடையும் தெரிந்தது.

வேலைக்கு ஆள் எடுப்பதில் அக்காவுக்கு என்று ஒரு வழி உண்டு. 'முன்னால் இருந்த வேலையை ஏன் விட்டீங்க?' என்று கேட்பாள். பதில் வந்த பிறகு வாயைத் திறக்க மாட்டாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிரில் இருக்கிறவர் தானாகவே இன்னும் கொஞ்சம் சொல்வார். உண்மை பெரும்பாலும் அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் இருக்கும்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்று ஆரம்பித்தாள்.

"சொல்றேன் மேடம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இங்க மெஷின் நின்னு போச்சுன்னா, முதல்ல யாருக்குத் தெரியும்?"

நல்ல கேள்வி. வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வி. அக்காவுக்குப் பிடித்திருந்தது. கம்ப்ரஸர் அறையில் எந்நேரமும் ஆள் இருப்பதையும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்வதையும் சொன்னாள். அதிலிருந்து அவர் இன்னொன்று கேட்டார். அதிலிருந்து மற்றொன்று. மருந்துப் பெட்டிகளையும் மீனையும் எப்படிப் பிரித்து வைக்கிறார்கள், சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன, வீட்டு மனிதர்களில் யார் யார் இங்கே வந்து போவார்கள். தன் பிள்ளையைப் பற்றி யாராவது ஆசையாக விசாரித்தால் ஒரு தாய் எப்படி அடுக்கிக்கொண்டே போவாளோ அப்படி அக்கா சொல்லிக்கொண்டே போனாள்.

டீ வந்து மேஜையில் வைக்கப்பட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் கேட்டது எல்லாம் அவர். சொன்னது எல்லாம் இவள். வேலைக்கு வந்தது அவரா, தானா?

"இப்ப நான் கேக்கறேன்," என்றாள், குரலைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டு.

"தாராளமா கேளுங்க."

"முன்னால இருந்த வேலையை ஏன் விட்டீங்க?"

"ஒரு விபத்து நடந்தது. நடக்கும்னு முன்னாடியே சொன்னேன். யாரும் காதுல போட்டுக்கல. அதுக்கப்புறம் அங்க இருக்கப் பிடிக்கல."

அக்கா வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டாள். வந்தவரும் மூடிக்கொண்டார். டீயை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார். அவள் ஆயுதத்தை அவளிடமே திருப்பிப் பிடித்திருந்தார். கடைசியில் அக்காதான் தோற்றாள்.

"என்ன விபத்து?"

"உள்ளே ஆள் இருக்கும்போது கதவு சாத்திக்கிச்சு. உள்ளேருந்து திறக்கல." கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க இடத்துல எல்லாக் கதவும் உள்ளேருந்து திறக்குமா மேடம்?"

"திறக்கும்."

"யார் பார்த்தது?"

"எங்க பழைய மேனேஜர் வாராவாரம் பார்ப்பார்."

"அவர் போனதுக்கு அப்புறம்?"

அக்கா தன் கோப்பையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தாள்.

"அவர் எங்க போனார்?"

"வெளிநாட்டுக்கு. மகள்கிட்ட."

"உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரா?"

"நான் ஊர்ல இல்ல. தம்பிகிட்ட சொல்லியிருக்கார்."

"ஃபோன்ல பேசினீங்களா?"

"கிடைக்கல."

"இருபது வருஷம் இருந்தவர்," என்றார் வந்தவர். இதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

அக்காவுக்கு முகம் சிவந்தது. "நீங்க வேலைக்கு வந்திருக்கீங்களா, விசாரணைக்கு வந்திருக்கீங்களா?"

"வேலைக்குத்தான் மேடம். ஒரு நாற்காலியில உட்காரப் போறவன், அதுல முன்னாடி இருந்தவர் ஏன் எழுந்தார்னு கேக்கறது தப்பா?"

தப்பில்லை. அதுதான் சங்கடம். 'சரி, போயிட்டு வாங்க, சொல்லி அனுப்பறோம்' என்று அந்த இடத்திலேயே அவள் பேச்சை முடித்திருக்கலாம். எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறாள். ஆனால் அவர் கேட்ட கேள்வி தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. காலையில் அப்பா கேட்டது வேறு ஞாபகத்துக்கு வந்தது.

"கிடங்கைப் பார்க்கலாமா?" என்று வந்தவர் எழுந்துகொண்டார். அதைக்கூட அவர்தான் சொன்னார்.

கீழே, நடைபாதை ஆரம்பிக்கிற இடத்தில், கம்பளிக் கோட்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஆளுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டின வெள்ளைக் கதவுகள். மூச்சு விட்டால் புகையாக வந்தது.

ஒன்றாம் அறைக்குள் வந்தவர் நுழைந்தார். "வெளியே தாழ்ப்பாளைப் போடுங்க மேடம்," என்றார்.

அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளேயிருந்து ஒரு தள்ளு. தாழ்ப்பாள் தானாக விடுபட்டுக் கதவு திறந்துகொண்டது. வெளியே என்ன பூட்டியிருந்தாலும் உள்பக்கக் கைப்பிடியைத் தள்ளினால் திறக்க வேண்டும். அதற்காகவே வைத்த கைப்பிடி அது. இரண்டாம் அறை திறந்தது. மூன்றும் நான்கும் திறந்தன. ஒவ்வொரு தடவையும் கதவு சாத்தினதற்கும் திறந்ததற்கும் நடுவே இருந்த அந்தச் சிறிய நேரத்தில் அக்கா தாழ்ப்பாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஐந்தாம் அறைக் கதவில் 'வேலை நடக்கிறது' என்று அட்டை தொங்கியது. காதை வைத்துக் கேட்டாலும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா, அதுல வேணாம் அக்கா." கம்ப்ரஸர் அறையில் வேலை பார்க்கிறவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார். "தம்பி யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"என்ன வேலை நடக்குது?"

"ஐஸ் உடைக்கற வேலை."

"உடைக்கற ஆள் எங்க?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"திறங்க," என்றாள் அக்கா.

"அக்கா..."

"திறங்கன்னு சொன்னேன்."

கதவு திறந்தது. உள்ளே உடைப்பதற்குப் பனிக்கட்டியே இல்லை. தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு பெட்டிகூடக் கிடையாது. வந்தவர் சுவரையோ கூரையையோ பார்க்கவில்லை. நேராகக் கதவின் உள்பக்கத்துக்குப் போனார்.

மற்ற நாலு அறைகளிலும் கைப்பிடி பழசாகி, கை பட்டுப் பட்டு மங்கியிருந்தது. இதில் புத்தம் புதுசாகப் பளபளத்தது. அதற்குக் கீழே கதவுத் தகட்டில் வரிசையாகக் குழிகள். உள்ளேயிருந்து யாரோ எதையோ வைத்து இடித்த குழிகள். முதலில் நெஞ்சு உயரத்தில். அப்புறம் இடுப்பு உயரத்தில். கடைசிக் குழிகள் தரைக்குப் பக்கத்தில் இருந்தன, ஆழமும் குறைவு. எல்லாவற்றின் மேலும் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் நிறத்தை மறைக்கும், குழியை மறைக்காது.

"பழைய கைப்பிடி என்னாச்சு?" வந்தவர் கம்ப்ரஸர்காரரைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அது ரொம்ப நாளா ஆடிக்கிட்டு இருந்துச்சு சார். அதைச் சரி பண்ணத்தான் சார் உள்ளே போனார்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்த சார்?" என்றாள் அக்கா.

"எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு அக்கா. என்னை விட்டுடுங்க."

அவர் போய்விட்டார். ஓடவில்லை, ஆனால் ஓடுவதைவிட அது மோசமாக இருந்தது. அக்கா அந்தக் குழிகளைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் உள்ளே காலை எடுத்து வைத்தாள்.

"வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போடுங்க."

"வேணாம் மேடம்."

"போடுங்க."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. லாரிகள் இல்லை, ஆட்கள் இல்லை, இத்தனை வருஷம் இரவும் பகலும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்கூட இல்லை. கூரையில் ஒரே ஒரு விளக்கு. குளிர் முதலில் காது மடலைப் பிடித்தது, பிறகு விரல் நுனிகளை. கைப்பிடி வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை அதைத் தேடித் தவித்தது. தள்ளினாள். திறந்தது.

வந்தவர் எதிரில் நின்றிருந்தார். அவர் முகத்தில் இத்தனை நேரம் இருந்த நிதானம் இப்போது இல்லை.

"நீங்க யாரு?" என்றாள் அக்கா. காலையிலிருந்து அவள் கேட்ட சரியான கேள்வி அது ஒன்றுதான்.

"உங்க மேனேஜர் என் அக்கா வீட்டுக்காரர்."

அக்கா நடைபாதைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்தான் வெளிநாடெல்லாம் போகல மேடம். ஆஸ்பத்திரியில இருந்தார். இப்ப எங்க வீட்டுல இருக்கார். வலது கையில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க."

"யார் கொண்டுபோய்ச் சேர்த்தது?"

"தெரியல. ஒரு கார் வந்து ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிருக்கு. என்ன நடந்ததுன்னு கேட்டா, கதவு தானா சாத்திக்கிச்சுங்கறார். ஆனா காய்ச்சல்ல கிடந்தப்ப, தாழ்ப்பாள் விழுந்துச்சு, தாழ்ப்பாள் விழுந்துச்சுன்னு புலம்பினார். தாழ்ப்பாள் தானா விழுமா மேடம்? நீங்க இப்ப கேட்டீங்களே."

"போலீஸுக்கு...?"

"போலாம்னு சொன்னா, வேணாம்னு கையெடுத்துக் கும்பிடறார். அந்தக் கையால." வந்தவர் ஐந்தாம் அறைக் கதவைப் பார்த்தார். "இருபது வருஷம் சோறு போட்ட இடமாம். யார் பேரையும் சொல்ல மாட்டேங்கறார். உங்களைப் பத்தி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னார். அக்காவுக்கு எதுவும் தெரிய வேணாம், அது தாங்காதுன்னு."

சொல்லாமல் போய்விட்டார் என்று அக்கா இத்தனை நாள் அந்த மனிதர்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். அவர் கட்டுப்போட்ட கையோடு படுத்துக்கொண்டு இவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுபடி மாடிக்கு வந்தார்கள். கோப்பைகளில் மிச்சமிருந்த டீயில் ஏடு படிந்திருந்தது. இந்தத் தடவை வந்தவர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். நேர் எதிரே உட்கார்ந்தார்.

"என் அனுபவத்தைப் பத்தி எழுதி அனுப்பினது எல்லாம் நிஜம். துறைமுகத்துல நடந்ததும் நிஜம். வேலை எனக்குத் தெரியும். இப்ப நீங்கதான் சொல்லணும். எடுக்கறீங்களா?"

இவரை எடுத்தால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி. இன்றைக்கு ஒரு பொழுதிலேயே இத்தனையைக் கிளறியவர், நாளைக்கு எங்கே போய் நிற்பார் என்று சொல்ல முடியாது. எங்கே போய் நின்றாலும் அங்கே தம்பி நிற்பான் என்று அக்காவின் உள்மனம் சொன்னது. பல் விழுந்தபோது அவளிடம் ஓடிவந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியவன். அந்தக் கை ஒரு தாழ்ப்பாளைப் போட்டிருக்குமா?

"எடுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். வீட்டுக்குப் போவேன். அக்காவுக்கு இப்ப தெரியும்னு அத்தான்கிட்ட சொல்வேன்."

மிரட்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். வேண்டாம் என்றால் அந்தத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை தானே போடுவதற்குச் சமம் என்று அக்காவுக்குப் புரிந்தது.

"நாளைக்குக் காலையில வந்துடுங்க."

"சரிங்க மேடம்."

"என் தம்பி கேட்டா, மேனேஜர் சாரை உங்களுக்குத் தெரியும்னு சொல்ல வேணாம்."

வந்தவர் கதவருகே போய் நின்றார். "உங்க தம்பிகிட்ட மட்டுமா மேடம்?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி அப்போது புரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ரேடியோ சத்தம் மெலிதாகக் கேட்டது. வழியெல்லாம் ஒரே யோசனை. தம்பியிடம் நேராகக் கேட்டால் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். 'நீயா உடைச்சே?' என்றால் அம்மா மேல் சத்தியம் செய்வான். 'கண்ணாடி கையில குத்திடுச்சா?' என்றால் கையை நீட்டிக் காட்டுவான். அவனிடம் எதையும் போட்டுத்தான் வாங்க வேண்டும். வளர்த்தவளுக்கு இது தெரியும். தெரிந்ததை இப்படி ஒரு விஷயத்துக்குப் பயன்படுத்த வேண்டியிருக்கிறதே என்றுதான் நெஞ்சு வலித்தது.

கார் வந்து நின்றது. தம்பி சீட்டியடித்துக்கொண்டே உள்ளே வந்தான். போன காரியம் பழம்தான் போலிருக்கிறது.

"என்ன அக்கா, இருட்டுல உட்கார்ந்திருக்கே?" விளக்கைப் போட்டான். "ஆள் எப்படி?"

"எடுத்துட்டேன். நாளைக்கு வர்றார்."

"அப்பாடா. வாங்கறவங்க புதன்கிழமை வர்றாங்க. எல்லாம் ஒத்து வருது பாரு." சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருந்த பேசினில் குழாயைத் திறந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தான். "பேச்சுக்காரனா, வேலைக்காரனா?"

"நல்லாக் கேள்வி கேக்கறார்," என்றாள் அக்கா. எழுந்து, மேஜைமேல் தட்டை எடுத்து வைத்தாள். டம்ளரை வைத்தாள். மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"மேனேஜர் சார் கை இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. கட்டைப் பிரிச்சுட்டாங்களாம், இனிமே..."

அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் இரண்டு கையும் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டன. அவன் திரும்பவில்லை. எதிரில் இருந்த கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா..."

"வெளிநாட்டுல இருக்கறவருக்கு இங்க யாருடா கட்டைப் பிரிச்சது?"

"நீ நினைக்கற மாதிரி இல்ல அக்கா."

"நான் என்ன நினைக்கறேன்னு உனக்குத் தெரியாது. கார்ல கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டது நீயா?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்று. கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது.

"உயிர் இருக்கான்னு மூக்குல கை வெச்சுப் பார்த்தேன் அக்கா. இருந்துச்சு. ஓட்டினேன் பாரு, அப்படி ஒரு ஓட்டு என் ஜென்மத்துல ஓட்டினதில்ல."

"கதவைத் திறந்தது நீ. சாத்தினது யாரு?"

தம்பி குழாயை மூடிவிட்டுத் திரும்பினான். அவன் முகத்தில் இருந்த பயம் மாட்டிக்கொண்டவனின் பயம் இல்லை. யாரையோ காட்டிக்கொடுக்கப் பயப்படுகிறவனின் பயம். அவன் பார்வை அக்காவின் தோளைத் தாண்டிப் போனது. எங்கே போகிறது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அறைக்குள் ரேடியோ நின்றது.

"பாப்பா." அப்பாவின் குரல். ஐம்பதை நெருங்குகிற அவளை இன்னும் அப்படிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். குரலில் கோபமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. "அவன்கிட்ட எதுவும் கேக்காதே. அவனுக்குப் பாதிதான் தெரியும். உள்ளே வா. என்கிட்ட கேளு."

ஈரக் கையோடு தம்பி பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதே அக்கா. கேட்டுட்டேன்னா, அப்புறம் நாம மூணு பேரும் ஒரு வீட்டுல இருக்க முடியாது."

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அப்பாவின் அறைக்குள் போனாள்.